காலனியும் காலணியும்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு பக்கமோ வாணியம்பாடி பக்கமோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் பச்சையிலோ மஞ்சளிலோ ஒரு பெயர்ப்பலகை. 'ஆதிதிராவிடர் காலனி' என்று ரெண்டு சுழி போட வேண்டிய இடத்தில் சில பலகைகளில் மூணு சுழி போட்டு 'காலணி' என்று எழுதியிருப்பார்கள். காலனி என்றால் குடியிருப்பு, காலணி என்றால் செருப்பு. பெயின்டரின் கைப்பிழைதான். ஆனால் நம் ஊரில் அந்தப் பிழையைப் படித்துச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நிற்பது அந்தப் பலகைகளுக்குக் கீழேதான். காலனியில் ஏறும் பெண்கள் காலணி தைக்கத்தான் போகிறார்கள்.

அந்த பஸ்ஸில்தான் இந்தச் சொல்லின் முழு வேலையையும் பார்க்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் யாரும் சாதி என்னவென்று கேட்பதில்லை. "எந்த ஸ்டாப்பும்மா?" என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "ஊரா, காலனியா?" இரண்டே வார்த்தை. அதன்பிறகு மதியம் யார் யாரோடு டிபன் பாக்ஸைத் திறப்பது என்பதுவரை முடிவாகிவிடும். எங்களில் சிலரிடம் இதே கேள்வி பள்ளிக்கூடத்தில் கேட்கப்பட்டது, சிலரிடம் கல்லூரி விடுதியில், ஒருவரிடம் வாடகைக்கு வீடு தேடியபோது. கேட்டவர்கள் எல்லோரும் விலாசம் கேட்பதுபோலத்தான் கேட்டார்கள். சட்டப்படி பார்த்தால் அது விலாசம்தான்.

இந்த இங்கிலீஷ் வார்த்தை எங்கிருந்து வந்தது, வழியில் என்னென்ன பொருள் சுமந்தது, நம்மிடம் வந்து எப்படி ஒரே பொருளாகச் சுருங்கியது என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

லத்தீனில் 'கோலெரே' என்றால் உழுவது, பயிரிடுவது. உழுகிறவன் 'கோலோனஸ்'. ரோமானியர்கள் பிடித்த நாடுகளில் தங்கள் பழைய சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம் 'கோலோனியா'. ஆக, பிறந்தபோது காலனி என்பது நிலம் பெற்றவனின் ஊர். ஜெர்மனியில் இருக்கும் கொலோன் நகரத்தின் பெயரே இந்தச் சொல்தான். காய்ச்சல் வந்தால் நம் பாட்டிகள் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே ஓடிகொலோன், அதன் பொருள் 'கொலோன் தண்ணீர்'. நேரடியாகச் சொன்னால் காலனித் தண்ணீர். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் காலனித் தண்ணீரை நெற்றியில் பூசிக்கொண்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது!

கோலோனஸின் கதை பிறகு தலைகீழானது. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் அவன் நிலத்தை விட்டு நகரக்கூடாத குத்தகையாள் ஆனான். கி.பி. 332-ல் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம், தப்பியோட நினைக்கும் கோலோனஸைச் சங்கிலியிலும் கட்டலாம் என்று அனுமதி கொடுத்தது. நிலத்தின் சொந்தக்காரனாக இருந்தவன் நிலத்தோடு சேர்ந்த சாமானாக ஆனான். படியாள், பண்ணையாள் என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் வந்தபோது இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருந்தது. அவன் பிடித்து ஆண்ட நாடெல்லாம் அவனுடைய காலனி. காலனியாதிக்கம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பது அதைத்தான். கைதிகளை நாடுகடத்திய இடம் காலனி, தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த இடம் காலனி. ரயில் வந்ததும் ரயில்வே காலனி வந்தது. ஜோலார்பேட்டைக்காரர்களிடம் கேளுங்கள், அங்கே ரயில்வே காலனி என்பது குவார்ட்டர்ஸும் மரநிழலும் உள்ள மரியாதையான இடம்.

சுதந்திரத்துக்குப் பின் நகரங்கள் வளர்ந்தபோது டீச்சர்ஸ் காலனி, பேங்க் காலனி, எல்.ஐ.சி. காலனி, ஆபீசர்ஸ் காலனி என்று ஊருக்கு ஊர் முளைத்தன. அங்கே வீடு வாங்குவது அந்தஸ்து. இதில் ஒரு விதி இருப்பதைக் கவனியுங்கள். முன்னால் ஓர் உத்தியோகம் ஒட்டியிருந்தால் காலனி மரியாதைச் சொல். முன்னால் எதுவும் இல்லாமல் மொட்டையாகக் 'காலனி' என்றால் அது நாம். 'காலனிக்காரன்', 'காலனிப் பசங்க' என்று சொல்லும்போது யாரும் டீச்சர்ஸ் காலனிப் பையனை நினைப்பதில்லை.

'லைன்' என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்தது. வேலூரில் ஆபீசர்ஸ் லைன் என்றால் ராணுவ அதிகாரிகளின் காலத்துப் பெயர், இன்றைக்கும் நகரத்தின் முக்கியமான சாலை. ஆனால் நம் வடஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளும் 'லைன்'தான். கடல் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாயில் அது 'லயம்' ஆனது. ஒரே இங்கிலீஷ் வார்த்தை, வேலூரில் அதிகாரிக்கு ஒரு பொருள், மலையகத்தில் கூலிக்கு ஒரு பொருள்.

இங்கிலீஷ்காரன்மேல் மட்டும் பழி போட்டுவிட்டுப் போக வழியில்லை. காலனிக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த சொல் சுத்தத் தமிழ்ச் சொல்: சேரி. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான் அதன் பழைய பொருள். குடவோலை முறைக்காகப் பாடப்புத்தகத்தில் புகழப்படும் உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. அந்தப் பிராமண ஊரே 12 சேரிகளாகப் பிரிந்திருந்ததாக அதில் இருக்கிறது. அதாவது பிராமணர்களும் சேரியில்தான் வாழ்ந்தார்கள்! நூறு ஆண்டு கழித்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. அதில் ஊர்நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி. முன்னொட்டைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. காலப்போக்கில் மற்றவர்கள் எல்லோரும் தெரு, அக்கிரகாரம், பேட்டை, புரம் என்று வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்களின் பெயராக மொட்டைச் 'சேரி' நின்றது. இன்றைக்கு வேளச்சேரியில் பிளாட் வாங்க கோடி ரூபாய் கேட்கிறார்கள், 'சேரிப் பேச்சு' என்பது வசையாகவும் இருக்கிறது.

காலனி வந்த கப்பல் வழியில் நம்முடைய சொல் ஒன்று எதிர்த்திசையில் போனது. 'பறையர்' என்ற பெயர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலீஷ் பயண நூல்களில் ஏறிவிட்டது. பிறகு அது அங்கே பல பொருள் எடுத்தது. தெருநாய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள், சிப்பாய்கள் அதையும் சுருக்கிப் 'பை டாக்' என்று கொச்சையாக்கினார்கள். வெள்ளைத்தலைக் கருடனுக்கு 'பிராமினி கைட்' என்று பெயர், குப்பையில் இரை தேடும் கரும்பருந்துக்கு 'பறையா கைட்'. வானத்தில் பறக்கும் இரண்டு பறவைகளுக்குக்கூட சாதி பிரித்துக் கொடுத்துவிட்டான். பின்னர் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் யூதர்களை விளக்க இந்தச் சொல்லை எடுத்தார். 1944-ல் ஹன்னா அரெண்ட் அதே சொல்லைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை எழுதினார். இப்போது தடை விதிக்கப்பட்ட நாடுகளைக் குறிக்க இங்கிலீஷ் நாளிதழ்கள் அதைத் தாராளமாக அச்சடிக்கின்றன. அது உயிரோடு இருக்கும் ஒரு மக்களின் பெயர் என்பது எழுதுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

நம் முன்னோர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1893-ல் ரெட்டமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்கிறீர்களோ அதே பெயரில் பேசுகிறேன் என்பது அவர் வழி. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது எதிரிகள் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். சொல்லை எடுத்து ஆயுதமாக்குவதா, தூக்கி எறிவதா என்ற விவாதம் சமூக ஊடகத்தில் நாம் கண்டுபிடித்தது அல்ல. நம்மைவிட நன்றாகவே அவர்கள் அதை நடத்திவிட்டார்கள்.

இனி காலனி எப்படி நம் வாசலுக்கு வந்தது என்று பார்ப்போம். இங்கேதான் நிலம் வருகிறது.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலத்தின் தொடக்கமாக அதை எல்லோரும் சொல்கிறோம். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பதையும் மேடைதோறும் சொல்கிறோம். அந்த அறிக்கையில் நாம் அதிகம் பேசாத இன்னொரு விஷயம் வீட்டடி மனை. சேரியில் ஒருவன் குடிசை போட்டிருக்கும் மண்கூட அவனுடையது அல்ல, மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், கோயிலை மாற்றிச் சர்ச்சுக்குப் போனால், குடிசையைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டலாம். அடிமைத்தனத்தின் பூட்டு அந்த மூன்று சென்ட் மண்ணில்தான் இருந்தது.

1920-ஐ ஒட்டி சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்றொரு பதவியை உருவாக்கி, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்தது. பிறகு அது ஹரிஜன நலத் துறையின் வேலையானது. 1974-ல் தாட்கோ வந்து வீடு கட்டிக் கொடுத்தது. 1978-ல் இதற்கென்றே ஒரு நில எடுப்புச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து நிலக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1990-களின் நடுவில் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. இப்படி அரசு நிலம் எடுத்து, மனை பிரித்து, வரிசையாக வீடு கட்டிய இடத்துக்குக் கோப்புகளில் வைத்த பெயர் காலனி.

ஆகவே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தாத்தா பாட்டிகளுக்குக் 'காலனி' அவமானச் சொல்லாக வரவில்லை. சேரி என்பது மிராசுதாரின் மண், காலனி என்பது சர்க்கார் கொடுத்த மண். "எங்களுக்குக் காலனி வந்துடுச்சு" என்று சொல்லும்போது அதில் ஒரு நிமிர்வு இருந்தது. இனி எவனும் குடிசையைப் பிடுங்க முடியாது என்று அர்த்தம். மேற்கூரை ஒழுகும் கான்கிரீட் வீடுதான், ஆனால் பட்டா கையில் இருந்தது, அல்லது இருப்பதாக நம்பினோம். அந்த நிமிர்வோடு வந்த சொல்லைத்தான் ஊர்க்காரர்கள் ஒரு தலைமுறைக்குள் சேரியின் பொருளுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அது எப்படி நடந்தது என்பதற்கு அம்பேத்கரிடம் போக வேண்டும். தனிக்குடியிருப்பு என்பதை அவரே கேட்டிருக்கிறார். 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947-ல் வெளியான 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அதற்கெனக் குடியமர்த்தல் ஆணையமும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் கேட்டார். அவர் கேட்டது சாகுபடி நிலத்தோடு கூடிய முழுக் கிராமம். சாதி இந்துக்களின் வயலில் கூலிக்கு நிற்கத் தேவையில்லாத கிராமம். ரோமச் சிப்பாய்க்குக் கிடைத்த கோலோனியா போன்றது என்றும் சொல்லலாம். நமக்குக் கிடைத்தது அதன் ஓடு மட்டும். குடியிருக்க மூன்று சென்ட், உழ எதுவும் இல்லை. அந்த மூன்று சென்ட்டும் ஊரை விட்டுத் தள்ளி, பல இடங்களில் ஏரிப்புறம்போக்கை ஒட்டிய பள்ளத்தில். ஊருக்குள் மனை எடுத்துக் கொடுக்க எந்த அதிகாரிக்கும் தைரியம் வரவில்லை. காலனிக்காரன் மறுநாள் காலையில் அதே ஊர் வழியாக, அதே வயலுக்கு, இல்லையென்றால் தோல் ஷாப்புக்குப் போனான்.

நம் பகுதியில் வயலும் மிஞ்சவில்லை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகக் குறிப்பு இருக்கிறது. அந்தத் தோலை ஊறவைத்து, முடி நீக்கி, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். மாட்டுத்தோலைத் தொடுவதால் தீட்டு என்றவர்கள், அதே தோல் ஷூவாகி ஐரோப்பாவுக்குப் போய் அந்நியச் செலாவணியாகத் திரும்பி வந்தபோது தீட்டு எதுவும் பார்க்கவில்லை. அந்த ஷூவைத் தைத்த ஆளோ, ஊர்த் தெருவுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டின் பல கிராமங்களில் நம் நினைவு எட்டும் காலம்வரை இருந்தது. பெயர்ப்பலகையின் மூணு சுழி எங்களுக்கு ஏன் உறுத்துகிறது என்பது இப்போது புரியும்.

இப்போது பெயர் மாற்றத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். வரவேற்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. பஸ்ஸில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும்.

ஆனால் வரலாறு படிக்கிற பிள்ளைகள் இதை மூன்றாவது முறையாகப் பார்க்க வேண்டும். 1922 ஜனவரியில் சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என்றார். அதே ஆண்டு மார்ச்சில் அரசாணையும் வந்தது. அது நாமே கேட்டு வாங்கிய பெயர். அடுத்தது ஹரிஜன். காந்தி 1930-களில் பரப்பிய அந்தப் பெயரை நம் தலைவர்கள் அன்றைக்கே எதிர்த்தார்கள். 1982-ல் மத்திய அரசு சாதிச் சான்றிதழ்களில் அதை எழுத வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சொல்லியும், ஹரிஜன் காலனி என்ற பலகைகள் அதன்பிறகும் எத்தனையோ ஆண்டுகள் நின்றன. இப்போது காலனி.

பெயர் அழகாக இருந்தால் போதுமா என்றால், ஆம்பூரிலேயே பெத்லகேம் என்றொரு பகுதி இருக்கிறது. லுத்தரன் மிஷனின் தடம் பதிந்த ஊரில் அதைவிடப் பெரிய பெயரை யார் வைத்துவிட முடியும்? ஏசு பிறந்த ஊரின் பெயர். ரயில் பாதையைத் தாண்டி அங்கே போய்வருகிறவர்களிடம் மழைக்காலத்தில் பேசிப் பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம். 2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரம் காலனியைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோனார். சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்துக்குள் அடைபட்டிருந்தது. வழி விடவில்லை. உடலைப் பாடையோடு கயிற்றில் கட்டிப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்கினார்கள். கீழே நின்றவர்கள் கையை உயர்த்தி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காட்சியின் வீடியோ நாடு முழுக்கப் பரவியது, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அப்போது நீதிபதிகள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கும் துறைக்கும் ஏன் ஆதிதிராவிடர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பது. பெயர் பற்றிய கேள்வி. தவறான கேள்வி என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த உடல் கயிற்றில் தொங்கியது பெயரால் அல்ல, பாதையால். வருவாய்த் துறை வரைபடத்தில் ஒரு வண்டிப்பாதை கோடு போடப்பட்டு, அது ஆக்கிரமிக்கப்படாமல் இருந்திருந்தால், அந்தக் குடியிருப்புக்கு என்ன பெயர் இருந்திருந்தாலும் அவர் தோளில்தான் போயிருப்பார்.

சொல்லுக்குச் சக்தி இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சேரி என்ற சொல்லைக் காலனி என்று மாற்றினோம், இடம் அங்கேயே இருந்தது. ஊருக்கு வெளியே, நிலமில்லாமல், அடுத்தவன் வரப்பு வழியாகச் சுடுகாட்டுக்குப் போகும் நிலையில். அதனால் புதுச்சொல் ஐம்பது ஆண்டுக்குள் பழைய சொல்லின் நாற்றத்தை வாங்கிக்கொண்டது. சமத்துவபுரம் என்ற திட்டம் 1997-ல் வந்தபோது 100 வீட்டில் 40 நமக்கு, 60 மற்றவர்களுக்கு என்று இடத்தையே கலந்து பார்த்தது. அதன் குறைகள் தனிக்கட்டுரைக்கு உரியவை. ஆனாலும் "ஊரா, சமத்துவபுரமா?" என்று கேட்டால் சாதி தெரிந்துவிடாது என்பதை மறுக்க முடியாது.

இந்த மாதங்களில் கிராமசபைகளில் பெயர் மாற்றத் தீர்மானங்கள் வருகின்றன. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் பூப்பெயர் வைப்பதா, தலைவர் பெயர் வைப்பதா என்று இளைஞர்கள் இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். அம்பேத்கர் நகர் என்று வைத்தால் அதுவும் காலனி என்றுதானே புரிந்துகொள்வார்கள் என்று ஒரு தம்பி கேட்டான். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஆயா மட்டும், "பேரு எதுன்னா வைங்கடா கண்ணுங்களா, எம் பட்டா கம்ப்யூட்டர்ல வரலன்னு சொல்றாங்களே, அத மொதல்ல கேளுங்க" என்றார். 1980-களில் அவர் கணவர் பெயருக்குக் கொடுத்த வீட்டுமனைப் பட்டா அது. காகிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, கிராமக் கணக்கில் ஏறவில்லை. கணக்கில் அந்த இடம் இன்றைக்கும் பழைய நிலக்காரர் பெயரில் நிற்கிறது. அந்தத் தெருவில் விசாரித்தபோது இன்னும் சில வீடுகளில் அதே கதை.

அதனால் கிராமசபைக்குப் போகும் தோழர்கள் பெயர்த் தீர்மானத்தோடு இன்னொரு காகிதக் கட்டையும் எடுத்துப் போங்கள். உங்கள் குடியிருப்பின் சர்வே எண், வீடு வீடாகப் பட்டா நகல், அது கிராமக் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம், சுடுகாட்டுப் பாதை வரைபடத்தில் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் அதையும் அதே தீர்மானப் புத்தகத்தில், அதே நாளில், பெயர் மாற்றத்துக்கு அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஆயாவின் பட்டாவுக்கு நாங்கள் மனு எழுதிவிட்டோம், அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம்.